ஏரி உள்வாயும் பட்டாவும்: ஏரிப் பாசன ஊர்களின் கிராம சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய், குளம் உள்ள ஊர்களின் கிராம சபை உறுப்பினர்களுக்கு,



கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால், தண்ணீர் நிற்கும் உள்வாய், கரைக்குக் கீழே பாயும் ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்ததைத்தான் ஊரில் ஏரி என்கிறார்கள். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் அது கண்மாய். நெல்லையிலும் கோவையிலும் குளம். வருவாய்த் துறைக் கணக்கில் இப்படி முழுசாக ஒரு பொருள் கிடையாது. அங்கே கரைக்கு ஒரு சர்வே எண், உள்வாய்க்கு ஒன்றோ பத்தோ, வரத்துக்கால் வரும் வழியெல்லாம் உட்பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வகைப்பாடு. ஏரி பொதுவா, தனியாருடையதா என்ற தகராறு பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. ஊர் முழு ஏரியைப் பற்றிப் பேசுகிறது. பத்திரம் வைத்திருப்பவர் ஒரு சர்வே எண்ணைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதால்தான் தகராறு தலைமுறை தாண்டியும் தீர்வதில்லை.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளதாக அரசுக் கணக்கு. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவற்றை, முன்பு பொதுப்பணித் துறையின் கையில் இருந்து இப்போது தனித் துறையாகிவிட்ட நீர்வளத் துறை பார்க்கிறது. அவை ஏறக்குறைய 14,000. மீதி எல்லாம் சின்ன ஏரிகள். ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. நிலம் வருவாய்த் துறையுடையது, மீன்பாசிக் குத்தகையும் கருவேல மர ஏலமும் வேறு கைகளில், தண்ணீர் ஆயக்கட்டுக்காரர்களுக்கு. ஒரே ஏரிக்கு இத்தனை பேர் உரியவர்கள் என்பதால், பொது என்ற சொல்லுக்கு ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு பொருள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் ஒரு வரி எப்படி இருக்கும் என்று பார்த்தாலே இது புரியும். சர்வே எண், பழைய எண், ரயத்துவாரியா அரசுடையதா, நன்செய், புன்செய் அல்லது புறம்போக்கு, பரப்பு ஹெக்டேரில், தீர்வை. கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ‘ஏரி’ என்று எழுதியிருந்தால் அது நீர்நிலைப் புறம்போக்கு. அலுவலக மொழியில் ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. அங்கே எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் பட்டா கொடுக்க முடியாது. அதே நிலம் ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்றோ ‘கல்லாங்குத்து’ என்றோ பதிவாகியிருந்தால் ஆட்சேபணையற்ற புறம்போக்கு. வீட்டுமனை ஒதுக்கலாம், ஆக்கிரமிப்பை வரன்முறை செய்யலாம், அரசு அலுவலகம் கட்டலாம். நூறு ஏக்கர் தண்ணீரின் கதி அந்தச் சின்னக் கட்டத்தில் உள்ள ஒரு சொல்லில் தொங்குகிறது.

அந்தச் சொல் எல்லாக் காலத்திலும் ஒன்றாகவே இருந்ததில்லை. ஆங்கிலேயர் காலத்து செட்டில்மென்ட் பதிவேட்டில் ஏரி என்று இருந்தது, பிந்தைய பதிவேட்டில் வேறாகிப் போனதுண்டு. 1979இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று ஊரில் சொல்வதில், பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது ஏற்பட்ட பிழைகளுக்கு இன்றைக்கும் மனுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பழைய எண் ஒன்றை நாலாக உடைத்தபோது மூன்று உட்பிரிவுகள் ஏரியாகத் தொடர்ந்து, நாலாவது ஒருவர் பெயருக்குப் போயிருக்கலாம். அதன் பிறகு எழுதிய கிரயப் பத்திரங்கள் எல்லாம் அந்த ஒரு வரியை நம்பியவை. வாங்கியவர் ஏமாற்றவில்லை, ஏமாந்தவர். ஆனாலும் தவறாக எழுதிய ஒரு வரி நாலு கை மாறியதால் சரியாகிவிடாது.

ஏரி யாருடையது என்ற சட்டக் கேள்வியை 1905இலிருந்து தொடங்கலாம். அந்த ஆண்டின் மதராஸ் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு சாலை, தெரு, ஆறு, ஓடை, ஏரி, குளம் எல்லாம் அரசின் சொத்து என்று அறிவித்துவிட்டு, உடனே விலக்குகளைச் சொல்கிறது. ஜமீன்தார், பாளையக்காரர், மிட்டாதார், ஜாகிர்தார், சுரோத்திரியதார், இனாம்தார் ஆகியோருடைய சொத்தாகவும் ரயத்துவாரிப் பட்டாதாரர்களுடைய சொத்தாகவும் உள்ளவை நீங்கலாக என்பது அந்த விலக்கு. இன்று ‘எங்கள் ஏரி தனியார் ஏரி’ என்று வாதாடுபவர்கள் பெரும்பாலும் கைவைப்பது இந்த விலக்கின் மேல்தான். பழைய இனாம் பட்டயத்தின் நகலைக் கொண்டுவருவார்கள்.

அந்த விலக்கின் பெரும்பகுதியை 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் காலி செய்துவிட்டது. அதன் 3ஆம் பிரிவின்படி ஜமீனில் இருந்த பொதுநிலம், புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல் நிலம், காடு, ஆறு, ஓடை, ஏரி, பாசன வேலைகள், மீன்பிடி எல்லாம் எந்த வில்லங்கமும் இல்லாமல் அரசுக்கு வந்து சேர்ந்தன. 1963இல் வந்த இரண்டு சட்டங்கள் இனாம்களை முடித்தன. ஆகவே ஜமீன் வழியாகவோ இனாம் வழியாகவோ பாசன ஏரிக்கு உரிமை கொண்டாடுபவர், தம் பட்டயம் எவ்வளவு பழையது என்று காட்டினால் போதாது. இந்தச் சட்டங்களுக்குப் பிறகும் அது எப்படி உயிரோடு இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

ஜமீன் இருந்த காலத்திலேயே, ஏரி ஜமீன்தாரின் பெயரில் இருந்தபோதே, அது அவர் இஷ்டத்துக்கு விட்ட சொத்தாக இருந்ததா? அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1874இல் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. இன்றைய ஆந்திரத்தில் உள்ள கார்வேட்டிநகரம் ஜமீனில் பெருமழையில் ஏரிகள் உடைந்து, மதராஸ் ரயில்வே கம்பெனியின் பாதையை அடித்துக்கொண்டு போயின. கம்பெனி நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் தேக்கி வைத்தவன், அது தப்பினால் வரும் சேதத்துக்குப் பொறுப்பு என்று 1868இல் இங்கிலாந்தில் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. தண்ணீர் தேக்கி வைத்த ஜமீன்தாருக்கும் அதே விதி பொருந்தும் என்பது கம்பெனியின் வாதம்.

பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. அது சொன்ன காரணம்தான் இங்கே முக்கியம். இந்த ஏரிகள் பழங்காலம் முதல் இருப்பவை. நாட்டின் பாசன ஏற்பாட்டின் ஓர் அங்கம். மக்களில் பெரும்பகுதியினரின் பிழைப்பு அவற்றில் இருக்கிறது. ஜமீன்தார் நினைத்தாலும் அவற்றை இல்லாமல் ஆக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. காப்பதும் பழுதுபார்ப்பதும் அவர் மேல் விழுந்த கடமை. கவனக்குறைவு இல்லாதபோது, கடமையைச் செய்தவன் மேல் பழி போட முடியாது. ஜமீன்தார் ஜெயித்தார். ஆனால் அவரை ஜெயிக்க வைத்த காரணமே, ஏரி அவருடைய தனிச் சொத்தாக மட்டும் இருக்கவில்லை என்பதுதான். கரையை அழித்து மனை போடும் உரிமை ஜமீன்தாருக்கே இல்லாதிருந்தபோது, அவரிடமிருந்து வழிவழியாக வந்ததாகச் சொல்பவருக்கு அது எங்கிருந்து வரும்? ஏரி வழக்குகளில் இந்தத் தீர்ப்பு இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டும்.

கடமை ஜமீன்தாரோடு நிற்கவில்லை. குடிமராமத்து என்று ஊரே மண் சுமந்தது. 1858இல் வந்த மதராஸ் சட்டம் ஒன்று, வழக்கப்படி செய்ய வேண்டிய குடிமராமத்து வேலைக்கு வராதவரிடமிருந்து அதற்கு ஈடாகப் பணம் வசூலிக்கவே வழி செய்தது. தனியார் சொத்தின் கரையைப் பலப்படுத்த ஊரைச் சட்டம் போட்டு இழுப்பது எங்கேயும் வழக்கமில்லை.

இனி பட்டாவின் பக்கத்து நியாயத்தைப் பார்க்க வேண்டும். பட்டா உரிமைமூலம் ஆகாது, வருவாய்ப் பதிவுகள் தீர்வை வசூலுக்கானவை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கிராம சபைக் கூட்டங்களில் இதை உரக்கச் சொல்லிக் கைதட்டு வாங்குவது எளிது. ஆனால் அந்த விதி இரண்டு பக்கமும் வெட்டும். பட்டாப் பதிவு மட்டும் தனியாரை உடைமையாளர் ஆக்காது என்றால், ‘புறம்போக்கு’ என்ற பதிவு மட்டும் அரசை உடைமையாளர் ஆக்கிவிடாது. பதிவுகளுக்கு அடியில் நிலம் எப்படிப் பயன்பட்டு வந்தது என்ற சான்றுதான் கடைசியில் எடை போடப்படும். ஊருக்கு நல்ல காலம், பல ஏரிகளுக்கு அந்தச் சான்று இருக்கிறது. 1883இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் பொறியாளர்கள் ஏரி ஏரியாகப் போய் அளந்து, ஒவ்வொன்றுக்கும் மெமாயர் என்ற குறிப்பேடு எழுதினார்கள். கலங்கலின் நீளம், மதகின் அடிமட்டம், முழுக் கொள்ளளவு மட்டம், ஆயக்கட்டு எல்லாம் அதில் உண்டு. மனை வியாபாரம் ஊர்ப்பக்கம் வருவதற்கு நெடுங்காலம் முன்பு, யாருக்கும் சாதகம் பார்க்காமல் எழுதியது அது.

ஏரியின் சட்டப்படியான எல்லையை அந்த முழுக் கொள்ளளவு மட்டத்தால் அளப்பதுதான் சரி. சர்வே எண்ணின் எல்லைக் கல்லால் அளப்பது பாதி அளவு. இதற்குக் கலங்கலில் போய் நின்று பார்க்க வேண்டும். பழைய கலங்கல்களின் தலைப்பில் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து, இனி வெள்ளம் வராது என்று தெரிந்ததும் ஆயக்கட்டுக்காரர்கள் அந்தக் கற்களுக்கு இடையே வைக்கோலையும் களிமண்ணையும் வைத்து அடைப்பார்கள். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கடைசி இரண்டு நடைக்கு அந்த ஒரு முழம்தான் தண்ணீர். உள்வாயோ தட்டுப்போலப் பரந்த சரிவு. கலங்கலில் ஒரு முழம் ஏறினால் தண்ணீர் பின்பக்கம் வெகுதூரம் படரும். அங்கே உள்வாய்ப் பட்டாக்காரரின் வயல் இருக்கும். அவர் இரவோடு இரவாக வந்து அடைப்பைப் பிடுங்கிவிடுவார். ஆயக்கட்டு ஊருக்கும் உள்வாய் ஊருக்கும் கைகலப்பாகி வழக்கான கதை ஏரி உள்ள வட்டாரங்களில் புதிதல்ல.

இந்த உள்வாய்ப் பட்டா போலிப் பட்டா ஆக வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு உழுது கேழ்வரகோ உளுந்தோ போட்டவருக்கு முறைப்படி கொடுத்ததாகவே இருக்கலாம். அதை ரத்து செய்துதான் ஏரியைப் பொது ஆக்க வேண்டும் என்று நினைப்பது தேவையில்லாத சண்டை. பட்டாவுக்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் தண்ணீர் நின்று வந்திருந்தால், தண்ணீர் நிற்கும் உரிமை அந்த நிலத்தின் மேல் ஏற்கெனவே ஏறியிருக்கும் சுமை. வழக்கத்தால் வரும் உரிமையை 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டமே ஏற்கிறது. மண் அவருடையது, தண்ணீர் நிற்கும் மாதங்கள் ஏரியுடையவை என்ற ஏற்பாட்டில் உழவருக்கு நட்டம் இல்லை. அவர் அப்பனும் பாட்டனும் அப்படித்தான் உழுதார்கள். அந்த ஏற்பாட்டில் இடமில்லாத ஒரே காரியம் மண் கொட்டி மேடாக்குவது. மேடாக்கிய கணமே அவர் தன் நிலத்தைப் பயன்படுத்துபவர் என்ற நிலையிலிருந்து, மற்றவர்களின் தண்ணீரை வெளியேற்றுபவர் என்ற நிலைக்குப் போகிறார். அந்த நிலமும் ஏரிக்கே வேண்டும் என்று அரசு கருதினால் 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி இழப்பீடு கொடுத்து எடுக்கலாம்.

‘அதில் தண்ணீரே நிற்பதில்லையே, இன்னும் எதற்கு ஏரி என்று வைத்திருக்க வேண்டும்?’ என்பது அடுத்த வாதம். இதற்கு உச்ச நீதிமன்றம் 2001இலேயே பதில் சொல்லிவிட்டது. ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில், உத்தரப் பிரதேச ஊர் ஒன்றின் குளம் வற்றிப் போனதாகக் காட்டி வீட்டுமனையாக ஒதுக்கியிருந்தார்கள். நீதிமன்றம் ஒதுக்கீட்டை ரத்து செய்து, குளத்தை மீட்கச் சொன்னது. வற்றியதால் குளம் என்ற தன்மை போய்விடாது. ஏரி வற்றுவது பெரும்பாலும் வரத்துக்கால் அடைபட்டதால்தான்; அடைத்ததன் பலனை அடைத்தவருக்கே கொடுப்பதை எந்த நியாயமும் ஒப்பாது. பத்தாண்டு கழித்து, 2011இல், ஜக்பால் சிங் வழக்கில் பாட்டியாலா மாவட்டத்துக் குளம் ஒன்றை முன்வைத்து, பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போனது.

ஆனால் தீர்ப்புகள் எல்லாம் ஒரே பக்கம் என்று ஊருக்குச் சொல்வதும் சரியில்லை. 2006இல் முடிந்த திருப்பதி ஏரிகள் வழக்கில், ஆவிலாலா, பேரூரு என்ற இரண்டு ஏரிகளை வீட்டுவசதிக்கு ஒப்படைத்திருந்தது ஆந்திர அரசே. இயற்கை வளத்தை அரசு மக்களின் பொறுப்பாளராகவே வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. ஆனாலும் கட்டி முடித்த வீடுகளை இடிக்கச் சொல்லவில்லை. இனிமேல் கட்டாதே என்றது, சில பரிகாரங்களைச் சொன்னது. காலம் கடந்து போனால் நியாயம் பாதிதான் கிடைக்கும்.

மிகவும் கசப்பான உண்மை, ஏரியை அரசுச் சொத்து என்று எழுதிவைத்தது ஏரியைக் காப்பாற்றவில்லை என்பது. சென்னையில் மாம்பலம் ஏரி தியாகராய நகர் ஆனது. நுங்கம்பாக்கம் ஏரியின் இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள். திருநெல்வேலியின் புதுப் பேருந்து நிலையம் நிற்பது வேய்ந்தான்குளத்தில். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில்தான் 2004இல் எழுந்தது. இவற்றில் எதையும் தனியார் பட்டாவைக் காட்டிப் பறிக்கவில்லை. அரசு தன் சொத்து என்று நினைத்தது, எடுத்துக்கொண்டது.

அரசுச் சொத்து, பொதுச் சொத்து என்ற இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் வழக்கம் இதனால்தான் கெடுதல். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா - கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது. மணாலி போகும் வழியில் பியாஸ் ஆற்றங்கரை நிலத்தை ஒரு மோட்டலுக்குக் குத்தகை விட்டிருந்தார்கள். ஆறு, கடல், காடு போன்றவற்றுக்கு அரசு பொறுப்பாளர் மட்டுமே, பொதுப் பயனுக்கென உள்ளதைத் தனியாருக்கு மாற்றிவிட முடியாது என்று சொல்லி, குத்தகையை ரத்து செய்தது. சிகாகோவில் ஏரியின் நீரடி நிலத்தை ரயில்வே கம்பெனிக்குக் கொடுத்ததை ஏற்காத 1892ஆம் ஆண்டு அமெரிக்கத் தீர்ப்பு அதற்கு ஒரு முன்மாதிரி. அங்கேயும் ஏரிதான், அங்கேயும் கொடுத்தது அரசுதான். கிராம சபை ஏரியைப் பொது என்று அறிவிக்கத் தீர்மானம் போட்டுக் கேட்கும்போது, ‘அரசுக்குச் சொந்தம்’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல் ‘நீர்நிலைப் புறம்போக்கு, ஏரி’ என்ற பதிவையே கேட்க வேண்டும் என்பது இதனால்தான்.

தமிழ்நாட்டுக்கென்றே உள்ள சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நீர்நிலைகளைக் கண்டறிந்து ஆக்கிரமிப்பை அகற்றி மீட்கச் சொன்னது. 2007இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. அளப்பது, எல்லை குறிப்பது, அறிவிப்பு கொடுப்பது, அகற்றுவது என்று வழிமுறை நன்றாகவே இருக்கிறது. ஆனால் பொதுப்பணித் துறையின், அதாவது இன்றைய நீர்வளத் துறையின், ஏரிகளுக்குத்தான் அது பொருந்தும். எண்ணிக்கையில் பெரும்பகுதியான ஒன்றிய ஏரிகள் 1905ஆம் ஆண்டின் சட்டத்தையே நம்பி இருக்கின்றன. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டை நம்பிப் பிழைப்பவர்களே சிறு விவசாயிகள். அவர்கள் ஏரிக்கு வலுக்குறைந்த சட்டம் என்பது நியாயமில்லை.

உண்மையிலேயே தனியாருடைய நீர்நிலைகளும் இருக்கின்றன. தோட்டத்துக் குட்டை, ஒரே குடும்பம் தன் நிலத்துக்காகத் தோண்டிய குளம், கோயிலின் திருக்குளம். வெளியிலிருந்து வரத்துக்கால் வராமல், வேறு எவர் ஆயக்கட்டுக்கும் தண்ணீர் கொடுக்காமல், ஊர்க் கால்நடைக்கும் வண்ணார் துறைக்கும் பயன்படாமல் இருப்பதைப் பொது என்று இழுப்பது அத்துமீறல். இந்த மூன்றையும் கேள்வியாகக் கேட்டுப் பார்த்தாலே பெரும்பாலான வழக்குகளில் விடை கிடைத்துவிடும். கோயில் பெயரில் உள்ள பாசன ஏரிகள்தான் சிக்கல். அங்கே நிலத்தின் உரிமையைக் கோயிலுக்கு விட்டு, ஏரியாகவே தொடர வேண்டும் என்பதை மட்டும் உறுதி செய்வது போதும்.

உள்வாயில் குடிசை போட்டிருப்பவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை எழுதுவது நேர்மை ஆகாது. வேறு போக்கிடமில்லாமல் ஏரி ஓரத்தில் தங்கிய கூலிக் குடும்பமும், லாரி லாரியாக மண் அடித்து மனை விற்றவரும் கணக்கில் ஒரே சொல்லால் ஆக்கிரமிப்பாளர். புல்டோசர் முதலில் போய் நிற்பது குடும்பத்தின் வாசலில். அதே ஊராட்சி எல்லைக்குள் மாற்று இடம் காட்டிய பிறகே அவர்களை எழுப்ப வேண்டும் என்பதைக் கிராம சபை தன் தீர்மானத்திலேயே எழுத வேண்டும். 2015 டிசம்பரில் சென்னைப் புறநகர் ஏரிகள் நிரம்பி வழிந்தபோது தாழ்வான இடத்தில் மாட்டிக்கொண்டவர்களில் இவர்களைப் போன்றவர்களும் இருந்தார்கள். அவர்கள் அங்கேயே இருக்கட்டும் என்று விடுவது இரக்கம் ஆகாது.

தீர்மானத்துக்கு முன் தாள்கள் வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகல், இன்றைய அ-பதிவேடு, புல வரைபடம், நீர்வளத் துறையிடமோ ஒன்றியத்திடமோ ஏரியின் மெமாயர். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கிடைக்க வேண்டியவை. நான்கையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்த எண் எப்போது எந்தச் சொல்லுக்கு மாறியது என்பது தெரியும். வருகிற கூட்டத்தில் அதை எண் எண்ணாக வாசிக்க வேண்டும். பட்டாதாரரும் கூட்டத்தில் இருக்க வேண்டும், அவர் சொல்வதும் பதிவாக வேண்டும்.

எண்களை எழுதும்போது ஏரியோடு நிறுத்திவிடக்கூடாது. வரத்துக்கால் புல வரைபடத்தில் இரட்டைக் கோடாக ஓடிவந்து, சில இடங்களில் பட்டா நிலத்துக்குள் புகுந்து ஒற்றைக் கோடாகி மறைந்துவிடும். அந்த இடங்களில்தான் பிற்பாடு சுற்றுச்சுவர் எழும்புகிறது. அந்த உட்பிரிவுகள் ஒவ்வொன்றும் தீர்மானத்தில் வர வேண்டும். கலங்கலிலிருந்து இறங்கும் மறுகால் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்துக்காலாகப் போகிறது. அந்த ஊரின் கிராம சபைக்கும் ஒரு நகல் அனுப்பிவைக்க வேண்டும்.